இலைக்கு வயது சொன்னது யார்?

அன்புள்ள ஆச்சி,
சிவகங்கைப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் இலை பதிந்த கல் கிடைத்தது. பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் பழையது என்கிறார்கள். எப்படி என்று கேட்டால், பாறையின் வயதை இலையை வைத்துச் சொல்கிறார்கள். இலையின் வயதைப் பாறையை வைத்துச் சொல்கிறார்கள். கோழியா முட்டையா கதையாக அல்லவா இருக்கிறது?
ஒரு கல்லூரி மாணவன், காரைக்குடி

அன்புள்ள தம்பி,

கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் வீட்டுப் பின்கட்டைப் பிரித்தபோது ஒரு வாசக்காலுக்கு அடியில் எட்வர்ட் ராஜா தலை போட்ட காலணா ஒன்று கிடைத்தது. களிம்பேறிப் பச்சையாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்ததும் தலை தெரிந்தது. அந்தக் காசு அச்சானது 1903 முதல் 1910 வரைதான். ஆனால் காரைக்குடியிலும் செல்லும், ரங்கூனிலும் செல்லும். ஆக, வாசக்கால் 1903க்கு முந்தியது இல்லை. அதே குழியில் பானை ஓடும் கிடந்தது. அதை வைத்து என்ன சொல்வது? அப்பத்தா காலத்திலும் அதே பானைதான், அவருக்கு முந்தியும் அதே பானைதான்.

பாறையில் அந்தக் காலணா வேலையைச் செய்வது அம்மோனைட். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிர் அது. ஓர் இனம் சீக்கிரம் மறைந்து அடுத்தது வந்துவிடும். இருந்த காலத்தில் பல கடல்களிலும் பரவியிருக்கும். பெரம்பலூர் பக்கத்துக் காரையில் (நம் காரைக்குடி இல்லை) களிமண் சரிவுகளில் கிடைக்கும் மார்ட்டோனிசெரஸ் என்ற அம்மோனைட் இங்கிலாந்திலும் கிடைக்கிறது. இரண்டு அடுக்குக்கும் வயது ஒன்று, ஏறத்தாழ 10 கோடி ஆண்டு.

இனி உங்கள் கோழிக்கும் முட்டைக்கும் வருகிறேன். முதலில் கண்டுபிடித்தது வரிசையைத்தான். வயது அப்புறம் வந்தது. இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், அடியில் எது, மேலே எது என்று ஒவ்வொரு ஊரிலும் பார்த்தார். எங்கும் படிமங்கள், அதாவது கல்லில் பதிந்த பழைய உயிர்கள், ஒரே வரிசையில் வந்தன. 1815இல் அந்தப் பாறை அடுக்குகளுக்கு நிலப்படம் போட்டார். அதில் ஆண்டுக் கணக்கே கிடையாது. அந்தக் கணக்கு 20ஆம் நூற்றாண்டில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே சாம்பல் படிந்திருக்கிறது. அதன் படிகங்களில் கதிரியக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். அதற்குப் படிமத்தின் தயவு தேவையில்லை.

சரி, சிவகங்கை இலை? அங்கே பேர்போனது டைலோஃபில்லம், ஈந்து ஓலை மாதிரி இருக்கும். தனியாகப் பார்த்தால் அது பானை ஓடுதான். நெடுங்காலம் இருந்த செடி. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகளில் அதே வகை இலைகளோடு அம்மோனைட்டும் இருக்கிறது. கடலோரத்தில் படிந்த அடுக்கு அல்லவா! ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் குன்றுகளில் இந்த இலைகள் எரிமலைக் குழம்புகளுக்கு இடையே கிடக்கின்றன. அந்தக் குழம்பின் வயது 11 கோடியே 70 லட்சம் ஆண்டு அளவில் வருகிறது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் நம் இலைக்கும் வயது சொல்கிறோம். கறாராக இல்லை, தோராயமாகத்தான்.

உங்கள் கல்லை எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்கள்? ஓடை உருட்டி வந்ததா, கரையில் பதிந்திருந்ததா? நினைவிருந்தால் ஒரு சீட்டில் எழுதி இன்றே கல்லோடு கட்டி வையுங்கள். இல்லையென்றால் இன்னொரு தடவை அந்த ஓடைக்குப் போய் வாருங்கள்.