250 ரூபாய்க்கு வரி எவ்வளவு?

வணக்கம் அண்ணே,

திருப்பூர்ல பனியன் கம்பெனிங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ணித் தர்ற ஒரு சின்ன கம்பெனில மூணு வருஷமா வேலை பாக்குறேன். ப்ரோக்ராம் எழுதுறது பைத்தான்லதான். மொத்தம் எட்டு பேர், டெஸ்டிங்குக்குனு தனியா ஆள் கிடையாது, நாங்களே ரெண்டு பில் போட்டுப் பாத்துட்டு கஸ்டமருக்கு அனுப்பிடுவோம். போன மாசம் டிஸ்கவுன்ட்ல ஒரு இடத்த சரி பண்ணப் போயி ரிட்டர்ன் பில் உடைஞ்சு போச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன். அதுக்கப்புறம்தான் ஆட்டோமேஷன் டெஸ்டிங் கத்துக்கலாம்னு ப்ரவுசர தானா ஓட்டி டெஸ்ட் பண்ற செலினியம் டூலுக்கு ஒரு கோர்ஸ் வாங்கி பாதி முடிச்சேன். அதுல டிடிடி, அதாவது டெஸ்ட் ட்ரிவன் டெவலப்மென்ட் பத்தி வருது, ப்ரோக்ராமுக்கு முன்னாடியே டெஸ்ட் எழுதணுமாம். இல்லாத ஃபங்ஷனுக்கு எப்படிண்ணே டெஸ்ட் எழுதுறது? எல்லாம் முடிச்சிட்டு கடைசில எழுதினா என்ன கெட்டுப் போச்சு? சீனியர்கிட்ட கேட்டா "ஒரே வேலைய ரெண்டு தடவ செய்ய நமக்கு நேரம் இருக்கா"ங்கிறார். எங்க பில்லிங் ஃபைல் மட்டும் ஆறாயிரம் லைன். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. பேர் போட வேண்டாம்.

*

தம்பி,

"கடைசில எழுதினா என்ன கெட்டுப் போச்சு"ன்னு கேட்டீங்க பாருங்க, உங்க கடிதத்துல உயிரான கேள்வி அதுதான். மத்ததெல்லாம் அதுக்கு பதில் கிடைச்சா தானா வரும்.

உங்க தொழில்லேருந்தே ஒரு கணக்கு எடுப்போம். வெளி மாநிலத்துக்கு சரக்கு போகுது, ஐஜிஎஸ்டி 5 சதவீதம். வரிய முழு ரூபாயா ரவுண்ட் பண்ணணும். ஜிஎஸ்டி சட்டத்தோட 170ஆம் பிரிவுப்படி 50 பைசாவோ அதுக்கு மேலயோ வந்தா அடுத்த ரூபா, கம்மியா வந்தா விட்டுடணும். இப்ப நீங்க வழக்கமா பண்ற மாதிரி ஃபங்ஷன முதல்ல எழுதுறீங்க. தொகைய 5ஆல பெருக்கி 100ஆல வகுத்து பைத்தானோட ரவுண்ட் ஃபங்ஷனுக்குள்ள போட்டா முடிஞ்சுது, ஒரே லைன். அப்புறம் டெஸ்ட் எழுத உக்காருறீங்க. 270 குடுக்குறீங்க, 13.50, அது 14னு சொல்லுது, சரி. 250 குடுக்குறீங்க, 12.50, அது 12ங்குது. அந்த நேரத்துல மணி ஏழு ஆயிருக்கும், ப்ரோக்ராம் ஓடுது, நீங்க ஸ்க்ரீன்ல வந்த 12அ அப்படியே காப்பி பண்ணி டெஸ்ட்ல "12 வரணும்"னு எழுதிட்டு பஸ்ஸ புடிக்கப் போயிடுவீங்க. நான் உங்கள குறை சொல்லல, நான் இத பண்ணியிருக்கேன், அதனாலதான் சொல்றேன். தப்பான விடைக்கு இப்ப ஒரு காவலாளியும் போட்டாச்சு, நாளைக்கு வேற யாராவது அத சரி பண்ணப் போனா உங்க டெஸ்ட் அவன தடுக்கும்.

பைத்தான் மேல தப்பு இல்ல. பைத்தான் 3ல சரியா பாதில நின்னா பக்கத்துல இருக்குற இரட்டை எண்ணுக்குப் போகும், 12.5க்கு 12, 13.5க்கு 14. பேங்கர்ஸ் ரவுண்டிங்னு பேரு. சட்டம் கேக்குறது அது இல்ல, அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போடுங்க. ஃபங்ஷன் இன்னும் இல்ல, டெஸ்ட் மட்டும்தான் எழுதப் போறீங்க. எழுதணும்னா விடை என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சாகணும், காப்பி அடிக்க ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்ல, அப்ப என்ன பண்ணுவீங்க, அக்கவுன்டன்ட் அண்ணன்கிட்ட போய் "250க்கு என்னண்ணே"ன்னு கேப்பீங்க, அவர் யோசிக்காம "13 தான்"ம்பார். 270க்கு 14, 250க்கு 13னு எழுதுறீங்க. ஓட்டினா அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லன்னு திட்டும். டெஸ்ட் ஃபெயில் ஆனா சிவப்பு, பாஸ் ஆனா பச்சை, இதுதான் முதல் சிவப்பு. இப்ப அந்த ஒரே லைன எழுதுங்க, திரும்ப ஓட்டுங்க, 270 பாஸ், 250 ஃபெயில், 12ம் 13ம் சமமில்லன்னு பளிச்சுனு காட்டும். பைத்தானோட டெசிமல் மாட்யூல எடுத்து, பாதி வந்தா மேல போற ரவுண்ட் ஹாஃப் அப் முறைக்கு மாத்துறீங்க, பச்சை. பச்சையானப்புறம் பேரு, அமைப்பு இதையெல்லாம் நிதானமா ஒழுங்கு பண்ணுங்க, டெஸ்ட் பின்னாடி நிக்குது. இவ்வளவுதான் தம்பி டிடிடி. இல்லாத ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதுறதுன்னா அந்த ஃபங்ஷன் என்ன பதில் சொல்லணும்ங்கிறத அது பொறக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்றது.

இது புதுசும் இல்ல. இத பிரபலப்படுத்தின கென்ட் பெக்கே, இத நான் கண்டுபுடிக்கல, மறுபடி கண்டெடுத்தேன்னுதான் சொல்றார். ஒரு பழைய ப்ரோக்ராமிங் புத்தகத்துல படிச்சாராம், இன்புட் டேப்ப எடுத்துக்கோ, என்ன அவுட்புட் வரணுமோ அந்த டேப்ப முதல்ல கையால அடிச்சு வெச்சுக்கோ, ரெண்டும் ஒத்துப் போற வரைக்கும் ப்ரோக்ராம எழுதுன்னு. (ஜாவாக்காரங்க உயிரா நினைக்கிற ஜேயூனிட்ங்கிற டெஸ்ட் டூலும் அவர்தான், 1997ல எரிக் காமாவோட ஜூரிச்லேருந்து அட்லான்டா போற ஃப்ளைட்ல உக்காந்து எழுதினது. நமக்கு ஃப்ளைட்ல தூக்கம்தான் வருது.)

அந்த சிவப்ப பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எல்லாரும் அவசரமா தாண்டிப் போற இடம் அது. நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில ஸ்டாக் கணக்குக்கு நாப்பது டெஸ்ட் எழுதினேன், பெருமையா. எல்லாம் ப்ரோக்ராம் முடிச்சப்புறம் எழுதினது. நாலு மாசம் தினமும் பச்சை. ஒரு நாள் ஸ்டாக் மைனஸ்ல போயிடுச்சுன்னு குடோன்லேருந்து சத்தம், பாத்தா என் டெஸ்ட்ல அந்த கேஸ் அப்படியே இருக்கு, ஆனா ஃபெயில் ஆகவே இல்ல. ஒரு மணி நேரம் முழிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. பைத்தான்ல டெஸ்ட்ட ஓட்டுற டூலான பைடெஸ்ட் ஃபைல் பேரப் பாத்துதான் எடுக்கும், வழக்கமா "டெஸ்ட்"னு போட்டு உடனே அண்டர்ஸ்கோர் வரணும், இல்லன்னா பேரு அண்டர்ஸ்கோர் போட்டு "டெஸ்ட்"னு முடியணும். நான் "டெஸ்ட்ஸ்"னு ஒரு எஸ் சேத்து வெச்சிருந்தேன். அந்த ஃபைல் ஒரு தடவ கூட ஓடல. மத்தவங்க ஃபைல் ஓடி பச்சை காட்டிச்சு, எத்தன டெஸ்ட் ஓடுச்சுன்னு கீழ எண்ணிக்கை போடும் பாருங்க, அத ஒருத்தரும் படிக்கல, நான் உட்பட. முதல்லயே ஒரு தடவ சிவப்ப பாக்கணும்னு ஒரு பழக்கம் இருந்திருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும். அதனால இன்னிக்கும் நான் பழைய ப்ரோக்ராமுக்கு டெஸ்ட் எழுதினா, வேணும்னே ப்ரோக்ராம்ல ஒரு ப்ளஸ்ஸ மைனஸ் ஆக்கி டெஸ்ட் விழுதான்னு பாத்துட்டு திரும்ப மாத்துவேன்.

உங்க ஆறாயிரம் லைன் ஃபைலுக்கு வருவோம். அதுக்கு மொத்தமா டெஸ்ட் எழுத உக்காந்தீங்கன்னா ரெண்டாவது வாரம் வேலைய விட்டுடுவீங்க. அடுத்து ஒரு பக், அதாவது ப்ரோக்ராம்ல ஒரு தப்பு வரும்ல, வராம இருக்காது, அத சரி பண்றதுக்கு முன்னாடி அந்த தப்ப காட்டிக் குடுக்குற டெஸ்ட் ஒண்ணு எழுதி சிவப்ப பாருங்க, அப்புறம் சரி பண்ணுங்க. டிஸ்கவுன்ட்ட தொட்டு ரிட்டர்ன் உடைஞ்ச மாதிரி இடத்துல கை வைக்கணும்னா, தொடுறதுக்கு முன்னாடி அந்த ஃபங்ஷன் இப்ப என்ன தருதோ அத அப்படியே டெஸ்ட்டா புடிச்சு வெச்சுக்கோங்க. பழைய ப்ரோக்ராம்ல வேலை செய்யறத பத்தி புத்தகம் எழுதின மைக்கேல் ஃபெதர்ஸ் 2004லயே இதுக்கு கேரக்டரைசேஷன் டெஸ்ட்னு பேர் வெச்சார். ஆமா, இப்பதான் காப்பி அடிக்காதீங்கன்னு சொன்னேன், இங்க அடிக்கச் சொல்றேன். வித்தியாசம் என்னன்னா இங்க நீங்க சரியான்னு கேக்கல, மாறிடுச்சான்னு மட்டும் கேக்குறீங்க. அந்த டெஸ்ட் பேர்லயே "இப்போதைக்கு இப்படி"ன்னு எழுதி வெச்சிருங்க, இல்லன்னா அடுத்த வருஷம் அத யாராவது வேதமா எடுத்துப்பாங்க.

செலினியம் கத்துக்கிட்டது வீண் இல்ல, ஆனா அத வெச்சு வரிக் கணக்க டெஸ்ட் பண்ணாதீங்க. ப்ரவுசரத் தொறந்து, லாகின் பண்ணி, பில் போட்டு, ஒரு பட்டன் பேர் மாறினா விழுந்து, அது ஒரு இம்சை. லாகின்லேருந்து பில் ப்ரின்ட் வரைக்கும் ஒரு ரெண்டு மூணு போதும். கணக்கெல்லாம் ப்ரவுசர், டேட்டாபேஸ் எதுவும் வேண்டாத சின்னச் சின்ன ஃபங்ஷனா பிரிச்சா நூறு டெஸ்ட் ஒரு செகண்டுல முடியும். பிரிக்கிறது கஷ்டமா இருந்தா அந்த ஃபங்ஷன் ஏழு வேலைய ஒண்ணா செய்யுதுன்னு அர்த்தம், டெஸ்ட் அதையும் சேத்துதான் சொல்லுது.

எல்லாத்துக்கும் முதல்லயே டெஸ்ட் எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். ஸ்க்ரீன் டிசைன், என்ன வேணும்னே தெரியாம கிண்டிப் பாக்குற வேலை, இதுக்கெல்லாம் நானே எழுதுறதில்ல. வெப்சைட் கட்டுறதுக்கான ரூபி ஆன் ரெயில்ஸ உருவாக்கின டேவிட் ஹெய்ன்மெயர் ஹான்சன் 2014ல டிடிடி செத்துப் போச்சுன்னே எழுதினார். டெஸ்ட்டுக்காகவே ப்ரோக்ராம கண்டபடி பிச்சு மாக்குக்கு (நிஜ பாகத்துக்கு பதிலா டெஸ்ட்ல நிக்கிற போலி) மேல மாக்கா போட்டுத் தள்றத பத்தி அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. பணம், வரி, ஸ்டாக் இந்த மூணுல மட்டும் நான் விட மாட்டேன்.

சீனியர்கிட்ட இதுக்கு அனுமதி கேக்காதீங்க, கேட்டா இல்லம்பார். பக் சரி பண்ற நேரத்துல பத்து நிமிஷம் சேத்து எடுத்துக்கோங்க. ரெண்டு தடவ வேலைங்கிறாரே, ராத்திரி பதினோரு மணி ஃபோன அவர் எந்தத் தடவைல சேப்பாராம்?

புதுசா கோர்ஸ் ஒண்ணும் வாங்க வேண்டாம். நாளைக்கு காலைல உங்க சாஃப்ட்வேர்ல வெளி மாநில பில் ஒண்ணு போடுங்க, 250 ரூபா, 5 சதவீதம். 12னு வந்தா உங்க முதல் டெஸ்ட் கிடைச்சிருச்சு. 13 வந்தா 290 போட்டுப் பாருங்க, 14.50, 15 வரணும்.