சுவரைக் கட்டிவிட்டு முகத்தை எடுத்தவர்

போன வாரம் கார்ல் தியோடர் ட்ரையர் 1928ல் எடுத்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ என்ற ஊமைப்படத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மதவிரோதி என்று விசாரித்து எரித்துக் கொல்லப்பட்ட பிரெஞ்சுப் பெண் ஜோனின் கதை அது. பார்த்தவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

கேள்வி: ட்ரையர் பிரெஞ்சுக்காரர்தானே சார்?

இல்லை, டென்மார்க். 1889 பிப்ரவரி 3ல் கோபன்ஹேகனில் பிறந்தார். பெற்றவள் கல்யாணமாகாத ஸ்வீடன் பெண். பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டாள். எடுத்து வளர்த்தவர் ஓர் அச்சுத் தொழிலாளி. ‘கார்ல் தியோடர் ட்ரையர்’ என்பதே அவருடைய பெயர்தான், அப்படியே பையனுக்கும் வைத்துவிட்டார். பையன் வளர்ந்து பத்திரிகையில் எழுதினார், பிறகு நோர்டிஸ்க் என்ற சினிமா கம்பெனியில், ஊமைப்படங்களின் நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளும் கதைகளும் எழுதினார். 1919ல் வந்த முதல் படத்தின் கதை என்ன தெரியுமா? குற்றவாளிக் கூண்டில் நிற்பவள், தான் கல்யாணம் செய்யாமல் கைவிட்டவளுக்குப் பிறந்த மகள் என்று ஒரு நீதிபதிக்குத் தெரியவருகிறது. சொந்தக் கதையின் சாயல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜோனுக்கு 9 வருஷம் முன்பே அவர் ஒரு பெண்ணை விசாரணையில் நிறுத்திவிட்டார்.

கேள்வி: பிரான்ஸ் நாட்டுப் புனிதையின் கதை டென்மார்க்காரர் கைக்கு எப்படிப் போனது?

1925ல் அவர் எடுத்த ‘வீட்டு எஜமானன்’ பாரிஸில் நன்றாக ஓடியது. உடனே அங்கிருந்து அழைப்பு. யாரைப் பற்றிப் படம் எடுப்பது என்பதில் பிரான்ஸ் ராணிகளான மேரி அந்துவானெத், கேத்தரின் தெ மெதிசி, பிறகு ஜோன் என்று மூன்று பேர் பரிசீலனையில் இருந்தார்கள். தீக்குச்சிகளை வைத்துச் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்துப் பார்த்ததில் ஜோன் வந்ததாக ட்ரையரே சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுக்காரன், அதுவும் கத்தோலிக்கன் அல்லாதவன், நம் ஜோனை எடுப்பதா என்று பிரான்ஸில் ஒரு கூட்டம் கொதித்தது.

கேள்வி: படம் முழுக்க முகம்தான். செட்டே போடாமல் சிக்கனமாக முடித்துவிட்டாரா?

அப்படித்தான் தோன்றும். உண்மை தலைகீழ். கோட்டை, தேவாலயம், வீடுகள் என்று கான்கிரீட்டில் கட்டிய பிரம்மாண்ட செட் அது. வெள்ளையடித்தால் வானத்தோடு கலந்துவிடும் என்று சுவர்களுக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். கறுப்பு வெள்ளையில் அது சாம்பலாக விழும். இவ்வளவும் கட்டிவிட்டு ட்ரையர் முகங்களை எடுத்தார்! பணம் போட்டவர்கள் வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை. தாழ்ந்த கோணத்துக்காகக் கேமராவை இறக்கத் தரையில் அங்கங்கே குழி தோண்டியதால், ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பாலாடைக்கட்டியின் பெயரைப் படக்குழு அவருக்குப் பட்டப்பெயராக வைத்தது. நடிகர்களுக்கு மேக்கப் கிடையாது. எல்லா நிறங்களின் ஒளியையும் பதிவுசெய்யும், அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த பான்குரோமேட்டிக் ஃபிலிம், தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் மருவையும் அப்படியே காட்டியது. ஆனால் அந்தச் சுவர்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமான சுவருக்குள் நிற்கிறோம் என்கிற உணர்வு நடிகர்களின் முகத்தில் ஏறியிருக்கிறது.

கேள்வி: ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டிக்கு இது ஒன்றுதான் படமாமே?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 1917லேயே அவர் சினிமாவில் தலைகாட்டியிருக்கிறார். இதற்குப் பிறகுதான் படம் எதுவும் இல்லை. அடிப்படையில் நாடக நடிகை. முடி வெட்டும் காட்சியில் நிஜமாகவே அவர் தலையை ஒட்ட வெட்டினார்கள்.

கேள்வி: ஊமைப்படம் என்கிறீர்கள். எல்லோரும் ஓயாமல் பேசிக்கொண்டேதானே இருக்கிறார்கள் அண்ணா?

நல்ல கண் உங்களுக்கு. 1431ல் ரூவான் நகரில் நடந்த விசாரணையின் ஏடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வசனத்துக்கு அடிப்படை அவைதான். மாதக்கணக்கில் நடந்த விசாரணையை ஒரே நாளில் நடப்பதுபோல் சுருக்கிவிட்டார். அட்டையில் வருவது கொஞ்சம், உதட்டில் ஓடுவது நிறைய. கேள்வி கேட்பவன் முகம், பதில் சொல்பவள் முகம், மறுபடி கேட்பவன் முகம். குறுக்கு விசாரணையின் தாளமே அதுதானே.

கேள்வி: படம் எரிந்துபோனது, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கிடைத்தது என்கிறார்களே, கட்டுக்கதையா?

முழுக்க உண்மை. 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதல் காட்சி. பிரான்ஸில் தணிக்கையும் தேவாலயமும் கத்தரி போட்டன. அந்த வருஷ டிசம்பரில் பெர்லினில் தீப்பிடித்து மூல நெகட்டிவ் போயிற்று. ஒதுக்கிவைத்த மிச்சக் காட்சிகளிலிருந்து ட்ரையர் இரண்டாவது நெகட்டிவ் ஒன்றைத் தொகுத்தார். 1929ல் அதுவும் தீக்கு இரையானது. எரித்துக் கொல்லப்பட்டவளைப் பற்றிய படத்துக்கு இப்படி நடந்ததை ஒரு கதையில் எழுதினால் ‘ரொம்ப ஜாஸ்தி’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1981ல் ஓஸ்லோ பக்கம் டிக்கெமார்க் மனநல மருத்துவமனையில் ஓர் அலமாரியில் சில டப்பாக்கள் கிடைத்தன. நார்வே திரைப்படக் கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் சில வருஷம் பிரித்துப் பார்க்காமலே கிடந்தன! பிரித்தால், கத்தரி படாத பழைய பிரதி. ட்ரையர் 1968லேயே இறந்துவிட்டார்.

கேள்வி: இந்த ஊமைப்படத்துக்குப் பின்னால் பலர் இசை சேர்த்திருக்கிறார்களே, எந்த இசையோடு பார்ப்பது?

ஒருமுறையாவது இசையில்லாமல் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆள், பிறகு ஏன் இத்தனை குறைவான படங்கள்?

போட்ட காசு திரும்பவில்லை. 1932ல் வந்த ‘வாம்பயர்’ படமும் விழுந்தது. மறுபடி பத்திரிகை வேலைக்குப் போய், 1943ல்தான் அடுத்த முழுநீளப் படம் வந்தது. 1955ல் ‘ஓர்தெத்’ வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வாங்கியது, 1964ல் ‘கெர்ட்ரூட்’ கடைசிப் படம். இயேசுவைப் பற்றிய திரைக்கதை கடைசிவரை படமாகவில்லை. சோற்றுக்கு வழி, கோபன்ஹேகனில் 1952ல் அவருக்குக் கிடைத்த ஒரு சினிமா தியேட்டரின் உரிமம்.

கேள்வி: ஜோன் எனக்குக் கனமாக இருக்கிறது. லேசாக எதிலிருந்து தொடங்கலாம்?

‘வீட்டு எஜமானன்’. பெண்டாட்டியை ஆட்டிவைக்கும் புருஷன், அவனைத் திருத்தும் கிழ ஆயா, அவ்வளவுதான் கதை. இதற்கும் ஸ்டுடியோவுக்குள் தண்ணீர்க் குழாய், எரிவாயு இணைப்போடு ஒரு முழு வீட்டையே கட்டினார் மனுஷன். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். ஆயா அவனை மூலையில் நிற்கவைக்கும் இடத்தில் அம்மாவின் முகத்தைக் கவனியுங்கள்.