தொட்டிச் செடிக்கும் பருவம் உண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "என்ன உரம் போடலாம்?" என்றுதான் முடிகின்றன. உரம் கடைசிக் கேள்வி. அந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, இப்போது நடப்பது எந்தப் பருவம், இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பால்கனியில் காலையில் 3 மணி நேரம்தான் வெயில். தக்காளி வைக்கலாமா?

செடி வளரும், காய் பிடிக்காது. காய்க்கிற செடி எதுவானாலும் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். உங்களுக்கு இருக்கிற 3 மணி நேரத்தில் புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பசலை எல்லாம் தாராளமாக வரும். இலைக்காக வளர்க்கும் செடிகளுக்கு அது போதும். விதை வாங்கும் முன் ஒரு விடுமுறை நாளில் மணிக்கொரு தடவை பால்கனியை எட்டிப் பாருங்கள். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். பருவம் மாறும்போது சூரியன் போகும் பாதையும் சாயும், கோடுகள் இடம் மாறியிருக்கும்.

வெயில் காலத்தில் தக்காளி கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஒரு காய்கூட நிற்கவில்லை. என்ன மருந்து அடிப்பது?

எதுவும் அடிக்க வேண்டாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ உதிர்வது அதனால்தான். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். பிற்பகல் வெயிலுக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டி, மண்மேல் காய்ந்த இலைகளை இரண்டு அங்குலம் பரப்பி, அதைக் காப்பாற்றிக்கொண்டு வாருங்கள். சூடு குறைந்ததும் அதே செடி காய்க்கும்.

அடுத்த முறை பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். தக்காளி நாற்றுக்கு 25 முதல் 30 நாள், நட்டபின் முதல் பழத்துக்கு இன்னும் இரண்டு, இரண்டரை மாதம். பூக்கும் நாட்கள் இதமான பருவத்தில் விழும்படி விதைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கடும் வெயிலுக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போன்றவை பொருத்தம். உறைபனி விழும் ஊர்களில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: பனி முழுதாக விலகிய பிறகே நாற்றை வெளியே நட வேண்டும்.

வானிலை இதமாக இருந்தும் காய் பிடிக்கவில்லையா? காற்றும் தேனீயும் வராத பால்கனியில் இது சகஜம். காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அதற்கு அந்த அதிர்வு போதும்.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் மிளகாய்ச் செடி மஞ்சளாகி வாடுகிறது.

"தவறாமல்" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. இப்படி வாடிய ஒரு செடியைத் தொட்டியோடு என்னிடம் கொண்டுவந்தார்கள். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்தால், அடிப்பாதி களிபோல் நசநசவென்று இருந்தது, சாக்கடை வாடை. வேரைப் பிடித்து இழுத்தேன். தோல் மட்டும் கையோடு வந்தது, உள்ளே நார்போல் ஒரு நூல் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். வேரும் மூச்சுவிட வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீரே நின்றால் வேர் அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வெளியேறும் அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள். நாளுக்கு ஒரு டம்ளர் என்று தெளிப்பதில் பயனில்லை. தொட்டிக்கு அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் நீர் தேங்கி நிற்கும், வேருக்கான ஆழமும் குறையும். மண் கலவையே பொலபொலவென்று இருக்க வேண்டும்: செம்மண், கழுவிய தென்னைநார்த் துகள், மக்கிய உரம், மூன்றும் சம பங்கு.

கொத்தமல்லி முளைப்பதே இல்லை.

உருண்டையாகத் தெரிகிற ஒவ்வொரு மல்லியிலும் இரண்டு விதைகள் இருக்கின்றன. ஒரு பலகையால் மெதுவாக அழுத்தித் தேய்த்து இரண்டாகப் பிரியுங்கள், பொடியாக்கிவிடாதீர்கள். ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். பத்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்துவிடாதீர்கள். நல்ல வெயில் காலத்தில் விதைத்தால் இலை விடும் முன்பே பூத்துவிடும், குளிர்ந்த பருவமே அதற்கு ஏற்றது.

மழைக்காலத்தில் நாற்றுகள் அடித்தண்டு மெலிந்து சாய்கின்றன.

நாற்றழுகல். மண்ணில் உள்ள பூஞ்சைகளின் வேலை. சாய்ந்தவற்றைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை புதுக் கலவையில், நெருக்கமில்லாமல் விதைத்து, மழை நேரடியாக விழாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். பெரிய தொட்டிகளையும் இரண்டு செங்கல்மேல் ஏற்றிவிடுங்கள், துளை அடைக்காது. தொடர்மழை சத்துகளை அடித்துக்கொண்டு போய்விடும். எனவே மழை ஓய்ந்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள்.

மிளகாய் இலைச் சுருட்டலுக்கு என்ன செய்வது?

இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

மாடியில் சுரைக்கொடி. விரல் நீளத்தில் பிஞ்சு வெம்பி உதிர்கிறது.

மகரந்தம் சேரவில்லை. முதலில் ஆண் பூக்கள்தான் வரும், அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் அடியில் குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டியிருக்கும். சுரைப்பூ மாலையில் மலர்வது, பகலில் வரும் தேனீக்கள் அதற்கு உதவாது. பொழுது சாயும் நேரத்தில் மாடிக்குப் போங்கள். மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, வெள்ளை இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுமுடிச்சில் மென்மையாகத் தடவுங்கள். அது சூல் பிடித்ததா என்பது நாலைந்து நாளில் தெரிந்துவிடும். பிடித்த பிஞ்சு பளபளவென்று பச்சையாகப் பருக்கும், மேலே பூனைமயிர்போல் மென்ரோமம் நிற்கும்.