ஸ்பானிஷ் நிகழ்காலத்தின் ஆறு வடிவங்களை எப்படி மனதில் நிறுத்துவது?

ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவம் என்றதும் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் பேசுகிறவருக்கு இது புதிதே இல்லை. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' தெரிந்துவிடுகிறதல்லவா? அங்கேயும் அப்படித்தான். 'ஆப்லார்' என்றால் பேசுதல். கடைசி 'ஆர்' போய் ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லா (பேசுகிறான், பேசுகிறாள் இரண்டுக்கும்), ஆப்லாமோஸ் (பேசுகிறோம்), ஆப்லான் (பேசுகிறார்கள்). நண்பர்கள் பலரைப் பார்த்துப் பேச ஸ்பெயினில் ஆப்லாய்ஸ் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அதற்கும் ஆப்லான்தான், ஆக ஐந்தே போதும்.

'எர்', 'இர்' வினைகளும் கிட்டத்தட்ட இதே அச்சு, உயிரெழுத்துதான் மாறும்.

உண்மையில் படுத்துவது 'பொதேர்' (முடிதல்) மாதிரியானவை: முடியும் என்னால் என்றால் புவேதோ, நம்மால் என்றால் பொதேமோஸ். பட்டியலை உருப்போட வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். அழுத்தம் வேரில் விழுந்தால் 'ஒ' என்பது 'உவே' ஆகிறது. அழுத்தம் விகுதிக்கு நகர்ந்தால் 'ஒ' அப்படியே நிற்கிறது. 'தொர்மிர்' (தூங்குதல்) வினையும் இப்படித்தான்: துவேர்மோ, தொர்மிமோஸ். எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்!

அப்புறம், 'நாளைக்குக் கூப்பிடுகிறேன்' என்று நாம் நிகழ்காலத்திலேயே சொல்கிறோமே, அவர்களும் 'மஞ்ஞானா தே யாமோ' என்றுதான் சொல்வார்கள்.