பால்கனிக் கைப்பிடி உடைந்தது விடுதியில், ஆஸ்பத்திரியில் சொன்னது வேறு

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டை வாசகர் எழுதியது. மே மாதம் ஏற்காட்டில் ஒரு விடுதியில் தங்கியபோது பால்கனிக் கைப்பிடி பெயர்ந்து மனைவி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. வெந்நீர் இல்லை, சாப்பாடு ஆறிப்போய் வந்தது, மேனேஜர் மரியாதை இல்லாமல் பேசினார். விடுதி 60,000 ரூபாய் தருகிறேன் என்கிறது. 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: சார், வெந்நீரையும் ஆறிப்போன இட்லியையும் மேனேஜரின் வாயையும் ஒதுக்கி வையுங்கள். மூன்று பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: கைப்பிடியின் ஒரு முனை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது. ஆட்டம் கண்டது தெரிந்தும் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டு அவர்களைக் காப்பாற்றாது. சொந்த அலட்சியத்துக்கு அப்படித் தப்பிக்க முடியாது என்று 2019ல் ஒரு கார் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஹோட்டல் ஒன்றுக்குச் சொல்லிவிட்டது. வழக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட வேண்டும், அதற்கு 2 வருட அவகாசம் உண்டு, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் பயம் வேறு. மலை இறங்கி வந்து ஆஸ்பத்திரியில், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லியிருக்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதுவே ஏறிவிட்டது, இன்சூரன்ஸ் படிவத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பணமும் வாங்கிவிட்டீர்கள். இப்படி வழக்கைக் கெடுத்துக்கொண்ட கட்சிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாக அந்த இரண்டு காகிதங்களைத்தான் வரவழைப்பார், எது பொய் என்று கேட்பார், நீங்கள் எந்தப் பதில் சொன்னாலும் ஒரு பக்கம் மாட்டுவீர்கள். அதற்காக டாக்டரிடம் போய் மாற்றி எழுதித் தரச் சொல்லாதீர்கள், அது தனி வழக்காகும்.

உங்களைக் காப்பாற்றுவது அன்று இரவு மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப்தான்: "மேடத்துக்கு இப்ப எப்படி இருக்கு, கார் அனுப்பட்டுமா". விழுந்தது வீட்டில் இல்லை, விடுதியில் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் போதாது, மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்றிதழும் கேட்பார்கள்.

10 லட்சத்தை மறந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் போக உங்கள் கையிலிருந்து போனது 38,000, அதோடு வீட்டுக்காரம்மாவின் சம்பள இழப்பு. ஒரு லட்சம் கேளுங்கள், 80,000 வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். "தராவிட்டால் கூகுளில் நாறடிப்பேன்" என்று போனில் சொன்னீர்களாமே, அதை இன்றோடு நிறுத்துங்கள், மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே புகார் வரும்.

அப்புறம், அவர்கள் நீட்டும் சமரசக் கடிதத்தில் 'விருந்தினரின் கவனக்குறைவால்' என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்து. அதுவும் நீங்கள் மட்டும் போட்டால் ஆகாது. அடிபட்டது வீட்டுக்காரம்மாதான், மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்தாலும் சரி, அவர் கையெழுத்து வேண்டும்.