பக்கவாதத்துக்குப் பிறகு சட்டை போட: பிசியோ மட்டும் போதுமா?

அப்பா நடக்கிறார், ஆனால் சட்டை போட முடியவில்லை, பிசியோதெரபியே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. பலம், சமநிலை, நடை ஆகியவற்றை மீட்பது பிசியோ. உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது என அன்றாட வேலைகளைப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. நரம்பியல் மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். பிசியோவை நிறுத்த வேண்டாம்.

அதுவரை வீட்டில்: பாதம் தரையில் பதியும்படி நாற்காலியில் உட்கார வையுங்கள். முதலில் பாதித்த கை. சட்டையைத் தோள்வரை ஏற்றிய பிறகே நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில். வரிசை மாறினால் பாதித்த கையை இழுக்க வேண்டிவரும், தளர்ந்த தோள்மூட்டு விலகலாம். அதனால்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. பொத்தான் சிரமமென்றால் வெல்க்ரோ தையுங்கள். நேரமாகிறதென்று நீங்களே போட்டுவிடாதீர்கள், பாதியாவது அவர் செய்யட்டும்.