கோல்ஃப் பந்துக்கு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். வாரம் ஒரு சுற்று, 18 குழி. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு, குறையக் குறைய நல்லது) 24. ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து பந்தாவது தொலைந்துவிடுகிறது. உடன் ஆடுபவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் விலையுயர்ந்த பந்தைத்தான் வாங்குகிறார்கள். “மலிவுப் பந்தை வைத்துக்கொண்டு ஆடினால் முன்னேறவே முடியாது” என்று எனக்கும் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை ஓடுகிறது, பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருக்கிறது. எந்த மாதிரிப் பந்து வாங்குவது, அதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: சுற்றுக்கு நாலைந்து பந்து தொலைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விடுமுறை, மழை எல்லாம் கழித்து வருடத்துக்கு 40 சுற்று ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 5 பந்து என்றால் வருடத்துக்கு 200 பந்து, கிட்டத்தட்ட 17 டஜன். சாதாரண இரண்டு அடுக்குப் பந்தின் விலையை ஒரு பங்கு என்று வையுங்கள். மேல்தட்டுப் பந்தின் விலை பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று பங்கு வரும். மூன்று என்றே போடுவோம். சாதாரணப் பந்தில் உங்கள் வருடச் செலவு 200 பங்கு, மேல்தட்டுப் பந்தில் 600. நடுவில் இருக்கும் அந்த 400 பங்கும் புதருக்கும் குளத்துக்கும்தான் போகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது உங்கள் நிலைமைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

இப்போது உங்களுக்கு அறிவுரை சொன்ன நண்பரின் கணக்கைப் பாருங்கள். அவர் சுற்றுக்கு ஒரு பந்துதான் தொலைக்கிறார் என்றால் வருடத்துக்கு 40 பந்து. மூன்று மடங்கு விலை கொடுத்தும் அவர் செலவு 120 பங்கு. மலிவுப் பந்து வாங்கும் உங்களைவிட அவர் குறைவாகவே செலவழிக்கிறார்! அவர் சொன்னது அவருக்குச் சரி. உங்கள் பைக்கு அது இன்னும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கூடுதல் விலைக்கு என்னதான் கிடைக்கிறது? பலரும் தூரம் என்று நினைக்கிறார்கள். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. புறப்படும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. எல்லா நிறுவனங்களும் இந்த வரம்புக்குள்தான் செய்ய வேண்டும். அதனால் டிரைவர் என்ற நீள மட்டையால் அடிக்கும்போது விலையுயர்ந்த பந்துக்கும் சாதாரணப் பந்துக்கும் உள்ள தூர வித்தியாசம், நீங்கள் ஒரு நாளில் நன்றாக அடிப்பதற்கும் சுமாராக அடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சிறியது. மென்மையான பந்து தானாகவே அதிக தூரம் போகும் என்பதும் தவறு. மென்மை கைக்கும் காதுக்கும் தெரியும் சுகம். அது பிடித்திருந்தால் வாங்குங்கள், தூரத்துக்காக வாங்காதீர்கள்.

விலை ஏறுவது முக்கியமாக மேலுறையால். சாதாரணப் பந்தின் உறை ஐயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக். எளிதில் கிழியாது. பொதுவாகச் சுழற்சி குறைவு என்பதால் கோணலாக அடித்தாலும் பக்கவாட்டில் ஓடுவது கொஞ்சம் கட்டுப்படும். கால்லவே சூப்பர்சாஃப்ட் இந்த வகை. 2000-ல் வந்த டைட்லிஸ்ட் புரோ வி1, ஐந்து அடுக்குள்ள டெய்லர்மேட் டிபி5 போன்றவற்றின் உறை யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக். கிட்டத்திலிருந்து அடிக்கும் வெட்ஜ் மட்டையின் முகத்திலுள்ள கோடுகள் அந்த உறையைக் கவ்விப் பிடிக்கும். பந்து அதிகமாகச் சுழன்று, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் விழுந்து, ஒன்றிரண்டு துள்ளலில் நின்றுவிடும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் அந்த நிற்றலுக்குத்தான்.

அதனால் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி இது: 40 கெஜத்திலிருந்து பந்தைச் சுத்தமாக அடித்து, நினைத்த இடத்தில் இறக்க உங்களால் முடிகிறதா? பத்துக்கு ஐந்தாறு முறை முடிகிறது என்றால் யூரித்தேன் உங்களுக்கு ஸ்ட்ரோக் (கணக்கில் சேரும் அடி) மிச்சம் பிடிக்கும். தரையில் இடித்தும், பந்தின் தலையில் தட்டியும் அடிப்பவர்களுக்கு எந்த உறையும் உதவாது. 24 ஹேண்டிகேப்பில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இருப்பார்கள். அதில் குறையொன்றும் இல்லை, எல்லோரும் கடந்து வந்த கட்டம்தான்.

இன்னொரு செலவும் உண்டு, அது பில்லில் வராது. நான் பல வருடமாக ஆடுகிறேன். விலை கூடிய புதுப் பந்தை டீ என்ற சிறு முளையில் வைத்து, எதிரே தண்ணீர் தெரிந்தால், பிடி தானாக இறுகுகிறது. இறுகிய பிடியில் வீச்சு பாதியில் நிற்கிறது, பந்து நேராகத் தண்ணீருக்கே போகிறது. தொலைந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய பந்தைத்தான் ஆட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். புதரில் தொலைந்த பந்துக்கு ஒரு ஸ்ட்ரோக் தண்டனையும் உண்டு, அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். தேடுவதற்கும் 2019-லிருந்து மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து.

ஒருமுறை ஆலோசனைக்கு வந்தவர் ஒருவர், கோல்ஃப் பையின் பக்கவாட்டு அறையைத் திறந்து என் மேசையில் கொட்டினார். உருண்டு விழுந்தவை 23 பந்துகள், 11 வகை. சிலவற்றில் யாரோ ஒருவரின் பேனா அடையாளம், ஒன்றில் ஒரு நிறுவனத்தின் விளம்பர முத்திரை. “பந்துக்கு நான் செலவே செய்வதில்லை, கிடைப்பதை எடுத்து ஆடுகிறேன்” என்றார். ஆனால் சிப்பிங், அதாவது கிரீனுக்குப் பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கி அடிப்பது, அவருக்கு எப்படிக் கைவரும்? ஒரு பந்து விழுந்து நிற்கும், அடுத்தது எட்டடி ஓடும். எந்தத் தவறு தன்னுடையது, எது பந்தினுடையது என்று அவருக்குத் தெரியவே வழியில்லை. மலிவோ விலையோ, ஒரே வகையில் நில்லுங்கள். இதற்குச் செலவும் இல்லை.

உங்களுக்கு என் பரிந்துரை இது. அடுத்த ஐந்து சுற்றுக்கு ஸ்கோர் கார்டின் மூலையில் தொலைந்த பந்துக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். சராசரி மூன்றுக்கு மேல் இருந்தால் இரண்டு அடுக்கு ஐயனோமர் பந்திலேயே இருங்கள், ஆறேழு டஜனாக மொத்தமாக வாங்குங்கள். இரண்டு, மூன்றுக்கு இறங்கினால் நடுத்தர விலை யூரித்தேன் பந்துக்கு மாறலாம், ஸ்ரிக்சன் கியூ-ஸ்டார் டூர் போல. ஒன்றுக்குக் கீழே வந்த பிறகு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், பட்ஜெட் தாங்கும்.

ஒதுக்கீட்டுக்கு வருவோம். வருடத்துக்கு 200 பங்குக்கு மேல் போகாதீர்கள். கடன் தவணையும் படிப்புச் செலவும் போக, பொழுதுபோக்குக்கு என்று வைத்திருக்கும் தொகைக்குள்ளேயே இது அடங்க வேண்டும். மேல்தட்டுப் பந்துக்குப் போயிருக்கும் 400 பங்கில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, நாலைந்து பயிற்சி வகுப்புக்குக் கொடுங்கள். டிரைவர் நேராகப் போகத் தொடங்கினால் பந்துச் செலவு பாதியாகும். கோல்ஃபில் வட்டியோடு திரும்பி வரும் பணம் என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

மீட்டெடுத்த பழைய பந்துகள் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம், தரம் பிரித்து விற்பவரிடம், முதல் தரமாக. ஆனால் மறுபூச்சு அடித்த பந்தைத் தொடாதீர்கள். பந்தின் மேலுள்ள சின்னச் சின்னக் குழிகளைப் பெயின்ட் மூடினால் பந்து பறக்கும் விதமே மாறும், உள்ளே இருப்பது அச்சடித்த பெயருக்குரிய பந்துதானா என்பதும் தெரியாது. சிறு குறைக்காக நிறுவனமே பெயரின் மேல் குறுக்குக் கோடிட்டு விற்கும் பந்துகள் பயிற்சிக்குப் போதும். போட்டியில் ஆடுவதற்கு முன் அங்கே அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பந்தைத் துடைத்து, நகத்தால் மேலே ஒரு தடவு தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அதைப் பயிற்சிப் பைக்கு மாற்றுங்கள். மற்றதை அடுத்த சுற்றுக்கு வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.